கணக்கு முடிக்கும் கிராமம்

ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் குடையைத் தேடுகிறோம். அடைமழை பெய்கிறது, குளங்கள் நிரம்புகின்றன. அதே அக்டோபர் மாதத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் இலையுதிர் காலம். மரங்கள் பொன்னிறம் கொள்கின்றன. மேலே மேயப் போயிருந்த ஆடுகள் ஊருக்குத் திரும்பிவிட்டன. கோடையில் வந்த மலையேறிகள் போய்விட்டார்கள். குளிர்காலக் கூட்டம் இன்னும் வரவில்லை. மலைக் கிராமங்களில் அமைதி நிலவும் சில வாரங்கள் இவை.

இந்தச் சமயத்தில், சுவிட்சர்லாந்தின் தெற்கு எல்லையை ஒட்டியுள்ள செர்மாட் என்னும் கிராமத்துக்கு மூன்று நாள் போய் வருவோமா? நமக்குப் பயணச் சீட்டு தேவையில்லை. கூர்ந்து பார்க்கும் கண்ணும், 'இது ஏன் இப்படி?' என்று கேட்கும் மனமும் இருந்தால் போதும்.

புறப்படும் முன் ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரிகள் ஆண்டு முடிவில் வரவு செலவுக் கணக்கை முடிப்பது போல, மலையில் இலையுதிர் காலம் கணக்கு முடிக்கும் காலம். மனிதர், மரம், பறவை, விலங்கு எல்லாமே கோடையில் சேர்த்ததை எண்ணிப் பார்த்துக் குளிர்காலத்துக்கு ஆயத்தமாகும் நேரம் அது. யார் யாருடைய கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே நம் வேலை.

முதல் நாள்: புகையில்லாத ஊர்

ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள ஃபிஸ்ப் என்ற ஊரில் ரயில் ஏறுகிறோம். அதன் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 650 மீட்டர். செர்மாட்டின் உயரம் சுமார் 1,600 மீட்டர். இந்தப் பாதை 1891-இல் செர்மாட் வரை திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே போக விரும்பியவர்கள் நடந்தோ, கோவேறு கழுதை மீதோதான் போக வேண்டும். இருபுறமும் செங்குத்தான மலைகள், நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டி ரயில் பாதை.

வழியில் டேஷ் என்ற ஊரில் பெரிய கார் நிறுத்துமிடம் இருக்கிறது. காரில் வருகிறவர்கள் இங்கேயே காரை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். பெட்ரோல், டீசல் கார்களுக்குச் செர்மாட்டில் அனுமதி இல்லை. ஊருக்குள் ஓடுபவை மின்சார வண்டிகள்; சில குதிரை வண்டிகளும் உண்டு.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இரவில் மலைச்சரிவுகள் வெப்பத்தை இழந்து குளிர்கின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதன்மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி போலக் கவிந்துகொள்கிறது. கீழே புகை உண்டானால் அது மேலே போக வழியில்லை, ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்று அசையாத இலையுதிர் காலத்து இரவுகளிலும் குளிர்கால இரவுகளிலும் இது அதிகம். குறுகிய பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் புகையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் குளிர் முகத்தில் அறைகிறது. இங்கே ஒரு கேள்வி. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செர்மாட் அதைவிட 600 மீட்டருக்கு மேல் தாழ்வானது. உயரம் கூடினால்தானே குளிர் கூடும்? பிறகு ஏன் செர்மாட்டில் குளிர்காலம் முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது, உதகையில் அப்படி இல்லை?

விடை, சூரியனிடம் இருக்கிறது. உதகை நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே உள்ளது. செர்மாட் 46 டிகிரி வடக்கே. அக்டோபர் நடுவில் நண்பகலில் உதகையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 71 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அதே நாளில் செர்மாட்டில் அது 36 டிகிரி உயரமே ஏறும். டார்ச் விளக்கை ஒரு தாளின்மேல் நேராகப் பிடித்துப் பாருங்கள். பிறகு சாய்த்துப் பிடியுங்கள். சாய்த்தால் அதே வெளிச்சம் அதிக இடத்தில் பரவி மங்கிவிடுகிறது அல்லவா? சூரிய வெப்பமும் அப்படித்தான். அத்துடன், ஜூன் மாதத்தில் 15 மணி நேரத்துக்கும் மேலாக நீண்டிருந்த பகல், அக்டோபர் நடுவில் 11 மணியாகச் சுருங்கிவிடும். சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால் கிராமத்துக்குக் கிடைக்கும் வெயில் இன்னும் குறைவு.

மாலையில் பழைய தெருவில் நடக்கிறோம். லார்ச் என்னும் மரத்தால் கட்டிய களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. பல நூறு ஆண்டுகள் வெயில் பட்டுப் பட்டு மரம் கருத்துப் போயிருக்கிறது. கூரையில் ஓடு இல்லை, கனமான கற்பலகைகள். ஒவ்வொரு களஞ்சியமும் குட்டையான மரக் கால்களின்மேல் நிற்கிறது. காலுக்கும் தளத்துக்கும் நடுவே, அப்பளம் போல வட்டமான தட்டைக்கல் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. எதற்காக? எலிக்காக! மரக்காலில் ஏறிவரும் எலி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்டித் தலைகீழாகத் தொங்கிப் போக முடியாது.

உல்லாசப் பயணிகள் வருவதற்கு முன் இது ஏழைக் குடியானவர்களின் கிராமம். குறுகிய கோடையில் ரை என்னும் தானியம் விளையும். ஆடுமாடுகளுக்கு வைக்கோல் சேரும். அவ்வளவுதான். அதை வைத்து அடுத்த கோடை வரை வாழ வேண்டும். எலி தின்றுவிட்டால் மனிதனுக்கு இல்லை. அந்தத் தட்டைக்கல், ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கைக் காத்த பூட்டு.

இரண்டாம் நாள் காலை: பொன்னாக மாறும் ஊசியிலை

விடிந்ததும் சரிவைப் பாருங்கள். காடு இரண்டு நிறமாகத் தெரிகிறது. பாதி மரங்கள் கரும்பச்சை. பாதி மரங்கள் தங்க நிறம். இரண்டுமே ஊசியிலை மரங்கள்தாம். பச்சையாக இருப்பது அரோலா பைன். தங்கமாக மின்னுவது லார்ச். 'ஊசியிலை மரங்கள் என்றும் பசுமையானவை' என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். லார்ச் அந்த விதிக்கு விலக்கு. ஐரோப்பாவின் காட்டு ஊசியிலை மரங்களில் ஆண்டுதோறும் எல்லா இலைகளையும் உதிர்ப்பது இதுதான்.

மரம் ஏன் இலையை உதிர்க்க வேண்டும்? குளிருக்குப் பயந்தா? முழு விடை அதுவல்ல. இலையில் உள்ள நுண்துளைகள் வழியாகவும் மேல்தோல் வழியாகவும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இழந்த நீரை வேர் ஈடு செய்கிறது. குளிர்காலத்திலோ மண்ணில் உள்ள நீர் உறைந்து கட்டியாகிவிடும். சுற்றிலும் பனி, ஆனால் வேருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! இந்த நிலையில் வெயிலும் காற்றும் இலையை உலர்த்தினால் மரம் வாடிச் செத்துவிடும்.

நம் ஊர்த் தேக்கு மரத்தை நினைத்துப் பாருங்கள். அது கோடை வறட்சியில் இலைகளை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. ஒன்று வெப்ப நாட்டு மரம், மற்றொன்று பனி நாட்டு மரம். பருவமும் வேறு. ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற ஒரே தொல்லைக்கு இரண்டும் ஒரே தீர்வைக் கண்டிருக்கின்றன! அரோலா பைனின் தீர்வு வேறு. அதன் ஊசிகளின் மேல் தடித்த மெழுகுப் பூச்சு இருக்கிறது. நுண்துளைகள் குழிகளுக்குள் பதுங்கியிருக்கின்றன. ஆகவே அது இலையை வைத்துக்கொண்டே குளிரைக் கடத்துகிறது.

இலையைச் சும்மா எறிந்துவிட்டால் மரத்துக்கு நஷ்டம். இலைக்குள் விலையுயர்ந்த சரக்கு இருக்கிறதே! பச்சையத்திலும், அதைச் சுற்றியுள்ள புரதங்களிலும் நைட்ரஜன் நிறைந்திருக்கிறது. மலைமண்ணில் நைட்ரஜன் எளிதில் கிடைக்காது. எனவே பகல் குறைவதையும் இரவுக் குளிரையும் உணர்ந்ததும் மரம் பச்சையத்தையும் புரதத்தையும் சிதைத்து, பயனுள்ள பொருள்களைக் கிளைகளுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. நாம் வியந்து பார்க்கும் தங்க நிறம் புதிதாகப் பூசியதன்று. பச்சை வெளியேறியபின் மிஞ்சி நிற்பது. வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை எடுத்தபின் சுவரின் நிறம் தெரிவதைப் போல!

மரக்கிளையில் ஒரு சத்தம் கேட்கிறதா? உடலெங்கும் வெண்புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறப் பறவை ஒன்று அரோலா பைன் காயைக் கொத்திக்கொண்டிருக்கிறது. இது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த நட்கிராக்கர். இலையுதிர் காலத்தில் இது பல்லாயிரம் விதைகளை எடுத்துச் சென்று, சிலவற்றை இங்கும் சிலவற்றை அங்குமாக மண்ணில் புதைக்கிறது. குளிர்காலத்தில் ஆழமான பனியைத் தோண்டி, புதைத்த இடங்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டவை முளைக்கின்றன. அரோலா பைனின் விதைக்குக் காற்றில் பறக்கச் சிறகு கிடையாது; அதன் காயும் தானாக வெடிப்பதில்லை. பறவையின் மறதிதான் மரத்தின் வம்சத்தை வளர்க்கிறது.

மேலே புல்வெளியில் கோடை முழுதும் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்த மார்மட் என்னும் பெரிய அணில் இனத்தைக் காணோம். குடும்பத்தோடு வளைக்குள் புகுந்து, வாயிலை மண்ணாலும் கல்லாலும் அடைத்துவிட்டது. இனி ஆறு மாதத்துக்கு மேல் உறக்கம். அதன் உடல் வெப்பம் சில டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இதயம் நிமிடத்துக்குச் சில முறைகளே துடிக்கும். கோடையில் சேர்த்த கொழுப்புதான் ஒரே உணவு. வசந்தத்தில் வெளியே வரும்போது அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பெரியவை குட்டிகளை ஒட்டிப் படுத்துத் தம் சூட்டை அவற்றுக்கும் பகிர்ந்து தருகின்றன.

இதுவரை பார்த்த கணக்குகள் எல்லாம் நேராக இருக்கின்றன. சேமிப்புக்குள் செலவு. அடுத்த கணக்கைப் பார்க்க மேலே ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் மதியம்: பல் சக்கரத்தில் ஏறுவோம்

கோர்னர்கிராட் என்னும் மலைமுகட்டுக்கு 1898-இல் மின்சார ரயில் விடப்பட்டது. இன்றைய மேல்நிலையம் 3,089 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர்தான்! ரயில் சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறிவிடுகிறது. சில இடங்களில் 5 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும்.

வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் இவ்வளவு சரிவைத் தாங்காது; வழுக்கிவிடும். ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ரயிலின் அடியிலுள்ள பல் சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஒரே சட்டத்துக்குப் பதில் இரண்டு சட்டங்களை அருகருகே, ஒன்றன் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி வைத்தால், எப்போதும் ஏதாவதொரு பல் கெட்டியாகப் பிடித்திருக்கும். இந்த முறையைக் கண்டவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர்.

இதை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? ஆம், நம் நீலகிரி ரயில்தான்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் திறக்கப்பட்ட பாதையில் இருப்பதும் ஆப்ட்டின் பல் சட்டமே. அந்தப் பாதையின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் தயாரானவை. கோர்னர்கிராட் ரயிலும் நீலகிரி ரயிலும் ஒரு வயது வித்தியாசமுள்ள அண்ணன் தம்பிகள்.

ரயில் மேலே ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். ரயிலின் எடை 60 டன் என்று வைத்துக்கொள்வோம். 60,000 கிலோகிராம், 9.8, உயரம் 1,484 மீட்டர் ஆகிய மூன்றையும் பெருக்கினால் சுமார் 87 கோடி ஜூல் வருகிறது. மின்சாரக் கணக்கில் இது ஏறக்குறைய 242 யூனிட். உராய்வில் வீணாவது தனி. ஏறிய ரயில் இறங்கும்போது இந்தச் சக்தி எங்கே போகும்? வெறும் பிரேக் போட்டால் எல்லாம் வெப்பமாகி வீணாகும். ஆனால் இங்கே இறங்கும் ரயிலின் மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக வேலை செய்து மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. அது ஏறுகிற ரயிலுக்கு உதவுகிறது.

மேல்நிலையத்தில் இறங்கி நாலு படி வேகமாக ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. தேநீர் வைத்தால் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலிருந்து அழுத்தும் காற்று குறைவானதால் நீர் எளிதில் ஆவியாகித் தப்பிவிடுகிறது. கிராமத்தைவிட இங்கே 10 டிகிரி அளவுக்குக் குளிரும் அதிகம்.

எதிரே, பிரமிடு போல் தனித்து நிற்கிறது மாட்டர்ஹார்ன் சிகரம். உயரம் 4,478 மீட்டர். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரின் குழுவினர் எழுவர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தனர். இறங்கும்போது ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தனர். அறுந்த கயிற்றின் துண்டைக் கிராமத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சிகரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கொடி பறப்பது போல மேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, கவனித்தீர்களா? காற்று சிகரத்தில் மோதி இருபுறமும் விலகிச் செல்லும்போது, மறுபக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயுள்ள ஈரக்காற்று சரிவில் மேலேறி, குளிர்ந்து மேகமாகிறது. காற்று நகர்ந்துகொண்டே இருந்தாலும் கொடி அதே இடத்தில் பறந்துகொண்டிருக்கும்.

மாட்டர்ஹார்னின் பாறைகளும் விசித்திரமானவை. அதன் மேல்பகுதிப் பாறை, ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவோடு சேர்ந்திருந்த நிலத்தட்டின் பகுதி. அதன் அடியிலும் செர்மாட்டைச் சுற்றியும் கிடப்பவை பழைய கடலின் தரையாக இருந்த பாறைகள். இரு கண்டங்களும் நெருங்கியபோது நடுவிலிருந்த கடல் மூடிக்கொண்டது. கடல்தரையின் துண்டுகள் நசுங்கி மேலே வந்தன. இந்தியத் தட்டு ஆசியாவில் மோதி இமயம் எழுந்ததும் இதே போன்ற கதைதான்.

வெண்மையான வங்கி

இப்போது கீழே பாருங்கள். சிகரங்களுக்கிடையில் அகலமான பனிக்கட்டி நதி ஒன்று வளைந்து இறங்குகிறது. இதுதான் கோர்னர் பனியாறு. உயரத்தில் விழும் பனி ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே அழுந்தி, காற்று வெளியேறிக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. தடிப்பு அதிகமானால் அது கூழ் போல மெல்லச் சரிவில் நகரத் தொடங்குகிறது. மேலிருக்கும் கருங்கோடுகள், மலையிலிருந்து உதிர்ந்த கற்களைப் பனியாறு சுமந்து வருவதால் உண்டானவை.

பனியாற்றை ஒரு வங்கி என்று சொல்லலாம். குளிர்காலப் பனி வரவு. கோடைக்கால உருகல் செலவு. குளிர்காலத்தில் யாருக்கும் தேவைப்படாத நீரைச் சேர்த்து வைத்து, வெயிலும் வறட்சியும் கொடுமையாக இருக்கும்போது தருகிறது. மழை பொய்த்த கோடையிலும் ரோன் ஆற்றில் நீர் ஓடுவதற்கு இப்படிப்பட்ட பனியாறுகள் துணை நிற்கின்றன.

பனியாற்றுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த செப்டம்பர் 30-ஆம் தேதி முடிகிறது. வசந்தத்தில் விஞ்ஞானிகள் பனியைத் தோண்டி அதன் ஆழத்தையும் அடர்த்தியையும் அளக்கிறார்கள், அது வரவு. பனிக்கட்டியில் ஆழமாகத் துளையிட்டு நீண்ட கம்புகளை நட்டு வைக்கிறார்கள். இலையுதிர் காலத் தொடக்கத்தில் வந்து, கம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள், அது செலவு. எளிய முறைதான். ஆனால் அது சொல்லும் செய்தி எளியதன்று.

சுவிட்சர்லாந்துப் பனியாறுகள் 1931-க்கும் 2016-க்கும் இடையில் தம் கொள்ளளவில் பாதியை இழந்தன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் எஞ்சியிருந்ததில் 6 சதவீதம் போனது. அந்தக் குளிர்காலத்தில் பனி குறைவு, சகாரா பாலைவனத்துத் தூசி வந்து படிந்ததால் வெள்ளைப் பனி பழுப்பாகி அதிக வெப்பத்தை உறிஞ்சியது, கோடையோ கடுமையானது. அடுத்த 2023-இல் இன்னும் 4 சதவீதம். இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு!

மறைந்தவை வெளியே வருகின்றன. செர்மாட்டுக்கு மேலுள்ள தியோடுல் பனியாற்றில் 2023 ஜூலையில் ஒரு மலையேறியின் உடலும் காலணியும் வெளிப்பட்டன. அவர் 1986-இல் காணாமற்போனவர். 37 ஆண்டுகள் மூடி வைத்திருந்த பனிக்கட்டி உருகிவிட்டது.

காரணம் என்ன? நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு கூடுகிறது. அது பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறது. செர்மாட்டின் தெருவில் ஒரு பெட்ரோல் கார்கூட இல்லை. ஆனாலும் அதன் பனியாறு கரைகிறது. ஊருக்குள் புகை வராமல் தடுக்கலாம். உலகத்தின் காற்றுக்கு வேலி போட முடியாது.

மூன்றாம் நாள்: ஆற்றங்கரையில்

ஊர் திரும்பும் முன் ஆற்றங்கரையில் சற்று நிற்போம். கோடையில் இந்த ஆறு பால் கலந்த தண்ணீர் போலச் சாம்பல் நிறத்தில் இரைந்து ஓடும். பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்து மாவாக்குகிறது. உருகிய நீர் அந்த மாவைச் சுமந்து வருவதால் வரும் நிறம் அது. அக்டோபரில் உருகல் நின்றுகொண்டிருப்பதால் ஆறு மெலிந்து தெளிந்திருக்கிறது. கல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

கோடையில் வரும் நீர் முழுவதும் ஆற்றோடு போய்விடுவதில்லை. பனியாறுகளின் அடிவாரத்தில் அதைப் பிடித்து, செர்மாட்டுக்கு அருகே ட்ஸ்முட் என்ற இடத்தில் பெரிய பம்புகளால் மேலேற்றி, மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாக வேறொரு பள்ளத்தாக்கிலுள்ள கிராண்ட் டிக்சான்ஸ் அணைக்கு அனுப்புகிறார்கள். 1961-இல் கட்டி முடிந்த அந்த அணையின் உயரம் 285 மீட்டர். சுமார் 40 கோடி கன மீட்டர் நீர் கொள்ளும் அதன் ஏரி, செப்டம்பர் இறுதியில் நிரம்பும். இலையுதிர் காலத்தில் நிறைந்த ஏரி, குளிர்காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் தருகிறது.

இங்கே ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. பனியாறு வேகமாக உருகும் ஆண்டுகளில் ஆற்றில் நீர் அதிகமாக வரும். பார்ப்பவர்களுக்கு வளம் கூடியது போலத் தோன்றும். உண்மையில் அது வட்டி அன்று. முதலையே எடுத்துச் செலவு செய்வது. முதல் கரையக் கரைய, ஒரு கட்டத்துக்குப் பின் கோடையில் வரும் நீர் குறையத் தொடங்கும். சிறிய பனியாறுகள் பலவற்றில் அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

மலையின் பாறைக்கும் இதில் பங்குண்டு. உயரத்தில் பாறைப் பிளவுகளுக்குள் உள்ள நீர் ஆண்டு முழுதும் உறைந்திருந்து, பசை போலப் பாறைகளைப் பிடித்து வைக்கிறது. 2003-இன் கடுங்கோடையில் மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் பாறைகள் பெயர்ந்து விழுந்தன. சுமார் 90 மலையேறிகளை ஹெலிகாப்டர் மூலம் மீட்க வேண்டியதாயிற்று. அதன்பின் அந்த முகட்டில் பாறையின் வெப்பத்தையும் பிளவுகளின் அசைவையும் அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ரயில் புறப்படுகிறது. லார்ச் ஊசிகள் தங்கத்தூள் போலத் தண்டவாளத்தின்மேல் உதிர்கின்றன. மரம் தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பறவை விதைகளைப் புதைத்துவிட்டது. மார்மட் கொழுப்போடு உறங்குகிறது. குடியானவன் களஞ்சியத்தை எலி அண்டாமல் பூட்டினான். இவர்கள் எல்லோருக்கும் ஒரு விதி உண்டு: வரவுக்கு மேல் செலவு செய்தால் வசந்தத்தைப் பார்க்க முடியாது. பனியாற்றின் கணக்கில் மட்டும் ஆண்டுக்காண்டு பற்றாக்குறை. அந்தச் செலவைச் செய்தது அது அன்று, நாம். எஞ்சியிருப்பதில் எவ்வளவு தங்கும் என்பது, இனி உலகம் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடப் போகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க

பனியாற்றை அளக்க நம் ஊரில் வழியில்லை. ஆனால் கிணறும் குளமும் உண்டு. மழை ஓய்ந்த மார்கழியில், உங்கள் வீட்டுக் கிணற்றிலோ பள்ளிக்கூடத்துக் கிணற்றிலோ தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று, கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள். இதைச் செய்யும்போது ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ உடன் இருக்கட்டும். பிறகு மாதம் ஒருமுறை, சித்திரை வைகாசி வரை அளவெடுங்கள். அடுத்த மார்கழியில் மீண்டும் அளந்து, முதல் மார்கழிக் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் அதே மட்டத்துக்கு வந்திருந்தால் உங்கள் ஊரின் கணக்கு நேர். வரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். மழை குறைந்ததா, குளம் தூர்ந்ததா, எடுத்தது அதிகமா? ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு நீங்கள் தொடங்கும் இந்த வேலையும், பனியில் கம்பு நட்டு அளக்கும் விஞ்ஞானியின் வேலையும் ஒன்றுதான்.